அமுங்காத ஒட்டு

என் அண்ணி ரோட்டுக்கு ஒட்டுப் போடுகிறவர். தார் ரோட்டில் பள்ளம் விழுந்தால் அடைக்கப் போகிற கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. நான் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். குவாரியில் கருங்கல் ஏற்றிக்கொண்டு, அவர் அடைத்த பள்ளத்தின் மேலேயே தினமும் போய் வருகிறேன். ஒரே வீட்டில் உடைக்கிறவனும் ஒட்டுகிறவரும் இருந்தால் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

"உடைக்கிறவன் வந்தாச்சு. வழி விடுங்க, சுவர்ல இடிச்சிரப் போறான்."

அண்ணன் தையல்காரர். ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். எங்கள் சண்டையில் அவருக்குக் கட்சி கிடையாது. பழைய கால்சட்டைத் துணியை நாலு மடிப்பாக வைத்து, அண்ணிக்கு முழங்காலில் கட்டிக்கொள்ள இரண்டு பட்டையும், எனக்கு சீட்டில் போட்டு உட்கார ஒரு திண்டும் தைத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டுமே வருஷத்துக்கு ஒரு தடவை கிழியும். அவர் முணுமுணுக்காமல் புதிதாகத் தைப்பார்.

அண்ணி அந்த வேலைக்கு முதலில் போனது துடைப்பத்தோடு. கலவை கொட்டுகிறதுக்கு முன்னால் தூசி பெருக்குகிற வேலை. அதிலிருந்து கூடை தூக்கினார், பிறகு தார் பூசினார், பிறகு கலவையை இடிக்கிற திமிசுக்கட்டையைப் பிடித்தார். பழைய மேஸ்திரிக்கு முதுகு போய்விட்டது. இனி யார் என்று ரோட்டு ஆபீசில் கேட்டபோது கூட்டத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம். அண்ணி அப்போதும் பெருக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "என்ன எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க, தூசி இன்னும் இருக்கா?" என்று கேட்டாராம். இதைச் சொன்னது அடுப்பு. தார் காய்ச்சுகிறவருக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று அவர் வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

வேலை என்றால் அது வேலை. மற்ற கூட்டங்கள் பள்ளத்தில் இரண்டு கூடை கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடும். முதல் மழையில் அது வாயைப் பிளக்கும். அண்ணியிடம் அது நடக்காது. பள்ளத்தின் ஓரத்தைக் கெட்டித் தார் வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும். பள்ளம் பெட்டி மாதிரி நாலு பக்கமும் நேராக நிற்க வேண்டும். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. அடியிலும் பக்கத்திலும் தார் பூசி, கலவையைப் பாதி கொட்டி இடித்து, மீதியைக் கொட்டி மறுபடி இடிக்க வேண்டும். டிரம்மில் புகை நீலமாக வந்தால் தார் கருகுகிறது என்று அர்த்தம். அண்ணி எங்கே நின்றாலும் அந்தப் புகை கண்ணில் பட்டுவிடும். "அடுப்பண்ணே, தார்தானே காய்ச்சச் சொன்னேன், தகனமா பண்ணச் சொன்னேன்?" என்பார்.

எல்லாம் முடிந்ததும் ஒட்டு, ரோட்டு மட்டத்தைவிட இரண்டு விரல் உயரமாக நிற்கும். அது அந்தத் தொழிலின் பழக்கம். வண்டி ஏறி ஏறி அமுங்கிவிடும் என்பார்கள். எல்லாக் கூட்டமும் அப்படித்தான் விடும். அண்ணிக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவர் போட்ட ஒட்டு பெயர்ந்ததாக ஒருத்தரும் சொல்ல முடியாது. மற்ற கூட்டத்துக்காரர்களே அதைக் காட்டி, "பாரு, மேஸ்திரியம்மா ஒட்டு" என்று ஆள் பழக்குவார்கள்.

குவாரியிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஒரே வழிதான். இறக்கத்தில் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அப்புறம் இரண்டு பக்கமும் வீடுகள். பாலம் முடிகிற இடத்தில் மண் கொஞ்சம் இறங்கி ஒரு படி மாதிரி ஆகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி முதல் பள்ளம் விழுந்தது. அண்ணி அடைத்தார். சில மாசத்தில் அந்த ஒட்டு அப்படியே இருக்க, அதைத் தாண்டிக் கிட்டத்தட்ட ஒரு லாரி நீளத்தில் இன்னொரு பள்ளம். அதையும் அடைத்தார். அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. பள்ளம் எங்களுக்கு முன்னால் நடந்து போகிற மாதிரி இருந்தது. ரோட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால், சட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி வரிசையாக ஒட்டு.

வீட்டில் எனக்கு விழுந்த திட்டுக்குக் கணக்கே கிடையாது. எல்லாரும் ஏற்றுகிற அளவுதான் நானும் ஏற்றினேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் பக்கப் பலகைக்கு மேல குவிச்சுத்தான் ஏத்துறீங்க. எனக்குத் தெரியாதா?" என்பார்.

ரோட்டோர வீட்டுக்காரர்களுக்கும் பொறுமை போய்விட்டது. லோடு லாரி போகும்போது அலமாரியில் பாத்திரம் ஆடுகிறது, படுத்த குழந்தை அலறிக்கொண்டு எழுந்திருக்கிறது என்று ஆபீசில் போய் உட்கார்ந்தார்கள். பாலத்துக்கு முன்னால் இரும்புக் குழாயைக் குறுக்கே போட்டு லோடு லாரியை நிறுத்திவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. குழாய்களும் வந்து ரோட்டோரம் இறங்கிவிட்டன. வழி அடைபட்டால் குவாரி நிற்கும். குவாரி நின்றால் எங்கள் டிரைவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஒரு கூட்டம் வைத்து, ரோட்டு வேலை பார்க்கிறவர்களையும் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்கள். கேட்கப் போவது யாரை? எங்கள் அண்ணியை. அவர் எழுந்து "லோடுதாங்க காரணம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை.

அதற்கு முன்னால் சின்ன இன்ஜினியர் ரோட்டைப் பார்க்க வந்தார். அலட்டல் இல்லாத ஆள். காரில் ஏதோ ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு மேலும் கீழுமாக ஓட்டினார். ரோடு எவ்வளவு குலுக்குகிறது என்று அது சொல்லுமாம். பிறகு அண்ணியோடு டீ குடித்துக்கொண்டே பேசியிருக்கிறார்.

"எடைமேடையில நிக்கிற லாரி வேற, ஓடுற லாரி வேறம்மா. மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா மொத்த வண்டியும் ஆடும். மேல எழும்புறப்ப ரோட்டுக்கு பாரம் குறையும். கீழ வர்றப்ப எடையோட அடியும் சேர்ந்து விழும். எல்லாம் ஒரே மாதிரி லாரி, ஒரே வேகம். அதனால அடியும் திரும்பத் திரும்ப ஒரே இடத்துலதான் விழும்."

லோடு விஷயத்தையும் அவர் விடவில்லை. எடையைக் கொஞ்சம் கூட்டினால் சேதாரமும் கொஞ்சம்தான் கூடும் என்று நினைக்காதீர்கள், அது பல மடங்காகும் என்று சொல்லியிருக்கிறார். பாலத்து முனையில் இருக்கிற படியைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். அண்ணி டீயை ஆறவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் காலை நான் லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது பாலத்துக்கு முன்னால் அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். ஜென்மத்தில் அவர் லோடு லாரியில் ஏறியதில்லை.

"எதுக்கு அண்ணி?"

"நீ குதிக்கிறதைப் பார்க்கத்தான். தினம் போற வேகத்துலயே போ. எனக்காக மெதுவாப் போனே, இறங்கி அடிப்பேன்."

போனேன். பாலத்துப் படியில் ஒரு எழும்பு எழும்பியது. பிறகு வரிசையாக ஒவ்வொரு ஒட்டிலும் வண்டி ஏறி விழுந்தது. பின்னால் கல் தடார் தடார் என்று உட்கார்ந்தது. அண்ணி மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடைசி ஒட்டு தாண்டியதும் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

நான் போய் லோடைக் கொட்டிவிட்டு வருகிறவரைக்கும் அவர் அங்கேயே இருந்திருக்கிறார். ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற லாரியின் பின் டயரை மட்டும் பார்த்திருக்கிறார். லோடு வண்டியின் டயரை அப்படித் தரையோடு பார்த்தால் தெரியும். வண்டி எழும்பும்போது டயர் உருண்டையாகும். விழும்போது அதன் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கும். பிதுங்குகிற இடத்தில் எல்லாம் அண்ணி ஒரு பிடி சுண்ணாம்பு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் டிரைவர்களில் மீசை என்று நாங்கள் கூப்பிடுகிறவன் வண்டி, இன்னும் யார் யாரோ வண்டி. சுண்ணாம்பு விழுந்தது எல்லாம் பழைய பள்ளம் இருந்த இடம்தான். ஒன்றே ஒன்று மட்டும் கடைசி ஒட்டுக்கு அப்பால், இன்னும் உடையாத ரோட்டில் விழுந்தது. அங்கே மண்டியிட்டு உள்ளங்கையால் தூசியைத் துடைத்தால், வலை பின்னின மாதிரி மெல்லிசாக விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பள்ளம் அங்கே பிறந்துகொண்டிருந்தது.

நான் காலி வண்டியோடு திரும்பி வந்தபோது அண்ணி ஒரு கொத்தனாரிடம் மட்டப்பலகை வாங்கி, தன் ஒட்டு ஒன்றின் மேல் வைத்திருந்தார். பலகை குழந்தைகள் ஏறுகிற சீசா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நான் இறங்கிப் பக்கத்தில் போனேன்.

"தம்பி," என்றார் நிமிராமலே. "இது அமுங்கவே இல்லடா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அரைகுறையாகத் தட்டிவிட்டுப் போகிறவன் இரண்டு விரல் உயரம் விட்டால் அது லாரி ஏறி அமுங்கும். அண்ணி இடிக்கிற இடிக்குப் பிறகு அமுங்க அதில் என்ன இருக்கிறது? அப்படியே திட்டாக நின்றுவிட்டது. பாலத்துப் படி முதல் பள்ளத்தைத் தோண்டியது. அதற்குப் போட்ட ஒட்டு லாரியைத் தூக்கிப் போட்டு இரண்டாவது பள்ளத்தைத் தோண்டியது. இரண்டாவது மூன்றாவதை. அவர் வேலை மோசமாக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

அன்றைக்கு வீட்டில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. அண்ணி நடந்ததைச் சொன்னார். அண்ணன் மெஷினை நிறுத்தாமலே, ஒட்டுத்துணி தடிப்பாக இருந்தால் அதன் ஓரத்தில்தான் மறுபடி கிழியும், எங்கள் தொழிலிலும் அதுதான் என்றார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

தன்னோடு வேலை பார்க்கிற ஆட்களிடமும் அண்ணி மறைக்கவில்லை. அடுப்புக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பழி லாரிக்காரன் தலையில் விழுந்தால் விழட்டுமே, நம்ம வேலையை நாமே ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதோடு விடவில்லை. "கொழுந்தன் பொழைப்புக்காகப் பேசுறீங்கன்னுதான் ஊரே சொல்லும், மேஸ்திரி" என்றும் சொல்லிவிட்டார். அது சரியான இடத்தில் குத்தியது. அண்ணி என்னிடம் கோபமே இல்லாமல், "நீ ஏண்டா லாரி ஓட்டுறே? வேற ஏதாவது ஓட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டதிலிருந்து தெரிந்துகொண்டேன். ரோட்டு ஆபீசில் அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். அவர் போட்டது பெயராது என்கிற பெயர். அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்ள வேண்டும். கெடுத்துக்கொண்டாலும் கொழுந்தனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று பேச்சு வரும்.

வேண்டாம் அண்ணி, அந்தப் பாலத்துப் படியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள் என்றேன். ஒரு பார்வை பார்த்தார்.

கூட்டம் ஆபீஸ் கிடங்கில் நடந்தது. ஒரு பக்கம் தார் டிரம், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி. முன் வரிசையில் வீட்டுக்காரர்கள், பின்னால் சுவரோரம் நாங்கள். பெரிய இன்ஜினியர் எல்லாரையும் பேசவிட்டார். பிறகு அண்ணியைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, தினம் அந்த ரோட்டுல இருக்கிறவங்க நீங்க" என்றார்.

அண்ணி எழுந்தார். முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். பாலத்துப் படியைச் சொன்னார். டயர் பிதுங்கியதைச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மீதிப் பள்ளம் எல்லாம் நான் போட்ட ஒட்டால வந்தது. உயரமா விட்டது நான். லாரியைக் குதிக்க வெச்சதும் நான்தான்."

பிறகு முன் வரிசையிலிருந்து ஒருத்தர், எதிர்பார்த்ததையே சொன்னார். வீட்டில் லாரிக்காரர் இருந்தால் பேச்சு இப்படித்தான் வரும் என்று.

அண்ணி அவர் பக்கம் திரும்பினார். "வீட்டுல இருக்கிறவனைப் பத்தியும் சொல்றேன், கேட்டுக்குங்க. அதோ சுவர்ல சாஞ்சு நிக்கிறான் பாருங்க, பக்கப் பலகைக்கு மேல ரெண்டு முழம் குவிச்சு ஏத்துறவன். அடியில பாதி அவனுது. என் ஒட்டைச் செதுக்கிட்டாலும் அவன் அப்படியே ஏத்தினா ரோடு நிக்காது."

மொத்தக் கிடங்கும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒளிந்துகொள்ள டிரம்கூடப் பக்கத்தில் இல்லை. மீசை என்னைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான், என்னமோ அவன் லாரியில் பஞ்சு ஏற்றுகிறவன் மாதிரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் யாரும் அண்ணியைக் கொழுந்தன் பேச்சு பேசவில்லை. சின்ன இன்ஜினியர் எழுந்து, அவருடைய பெட்டி காட்டிய குலுக்கலும் அந்த ஒட்டுகள் இருக்கிற இடத்திலேயே வருகிறது, பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைத் தான் யோசிக்கவில்லை என்றார். பெரியவர் முடிவைச் சொன்னார். ரோட்டை மட்டமாக்குங்கள். பலகைக்கு மேல் ஒரு கல்கூட வரக் கூடாது. பாலத்திலிருந்து வீடுகள் முடிகிற வரைக்கும் மெதுவாகப் போக வேண்டும். இந்த மழைக்காலம் முடிகிறபோது ரோடு நின்றால் வழி உங்களுக்கு. உடைந்தால் குழாய் குறுக்கே விழும்.

பாலத்து முனைக்கு ஆபீசே ஆள் விட்டு, அந்தப் படியை நீளச் சரிவாக மாற்றிக் கொடுத்தது. ஒட்டுகளைச் செதுக்குகிற வேலை அண்ணியின் கூட்டத்துக்கு. தான் போட்டதைத் தானே எடுக்க வேண்டும் என்றால் எவனுக்குக் கை வரும்? ஆட்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணி யாரையும் கூப்பிடவில்லை. முதல் ஒட்டின் பக்கத்தில் மண்டியிட்டு உளியை வைத்தார். உளி டங் என்று எகிறியது. மறுபடி வைத்தார், மறுபடி எகிறியது. அவ்வளவு கெட்டியாக இடித்து வைத்திருந்தார் மகராசி. வெயில் ஏறுகிற வரைக்கும் ஒரு கை அகலம்தான் சீவ முடிந்தது. பிறகு அடுப்பு தானாகவே கேஸ் விளக்கைக் கொண்டுவந்து பற்றவைத்து, ஒட்டைச் சூடு காட்டி இளக்கினார். கிடங்கில் நடந்த கூட்டத்திலிருந்து அவர் அண்ணியோடு பேசவில்லை. அன்றைக்குத்தான் முதல் பேச்சு.

"மேஸ்திரி, இதைப் போட்ட ஆளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. நாலு வார்த்தை நல்லாக் கேக்கணும்."

"போட்டவ உங்க முன்னாலதான் முட்டி போட்டிருக்கா. கேளுங்கண்ணே."

அடுப்பு சிரித்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஒட்டையும் சீவினதும் அண்ணி மட்டப்பலகையை வைத்துப் பார்ப்பார். பலகைக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி சூடு, மறுபடி உளி. விரிசல் பின்னியிருந்த இடத்தையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். அதை இரண்டு விரல் உயரமாக விடவில்லை. இடித்து முடித்தபோது அது ரோட்டோடு ரோடாக இருந்தது. மேலே வெறும் காலால் நடந்தாலும் எங்கே ஏறினோம் என்று தெரியாது.

மழை வந்தது. வழக்கத்தைவிடப் பலமாகவே வந்தது. மழை விட்ட பொழுதுகளில் எல்லாம் அண்ணி சின்னக் குடையோடு பாலத்துக்குப் போய் நின்றார். நாங்கள் பக்கப் பலகைக்குக் கீழே ஏற்றி, ஊர்ந்து போனோம். குவாரியில் நாலு கல் கூடுதலாகப் போடட்டுமா என்று கல் அள்ளுகிற மெஷின்காரன் கேட்டால், எங்கள் ஆட்கள், "வேண்டாம்ப்பா, அந்தம்மா நிக்கும்" என்றார்கள்.

மழைக்குப் பிறகு பெரியவரும் சின்னவரும் வந்தார்கள். பெட்டி கட்டின கார் மேலும் கீழும் ஓடியது. அந்தத் துண்டு முழுக்க நடந்தே பார்த்தார்கள். ஒரு இடத்திலும் பள்ளம் இல்லை. புதிதாகப் போட்ட இடத்தை அண்ணியிடம் காட்டச் சொன்னால், அவரே ஒரு நிமிஷம் தேடித்தான் கண்டுபிடித்தார். வாழ்க்கையில் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் இரும்புக் குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு எங்கள் டிரைவர்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று வந்தவர்கள், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அண்ணனின் மெஷினைச் சுற்றி நின்று, நூல் நல்ல நூலா, ஊசி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். மீசைதான் தைரியமாகத் தொண்டையைக் கனைத்தான். அவன் வாயைத் திறக்கிறதுக்குள் அண்ணி கேட்டுவிட்டார்:

"இன்னிக்குக் காலையில பாலத்துல தடார்னு ஒருத்தன் போனான். யாரு அது?"

எல்லாரும் மீசையைப் பார்த்தார்கள். மீசை மெஷினைப் பார்த்தான். கொண்டுவந்த நன்றி அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அவன் பாலத்தில் இறங்கின வேகத்துக்கு, சைக்கிளில் போனவர்கள்கூட அவனை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். அவன் பின்னால் நான். அண்ணி ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் டயரைக் கடைசி வீடு வரைக்கும் பார்த்தார். அது பிதுங்கவில்லை. சரி போ என்று கையை வீசினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஹாரன் அடித்தேன்.

"என்னடா அவசரம்?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார் அண்ணி. "ரோடு எங்கேயும் ஓடிராது. மெதுவா வா."